மலைக் கல்லூரியில் மீள்திறன் வகுப்பு: ஆசிரியர்களைத் தயார்செய்யப் போகிறவருக்கு

நீலகிரியில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். மூன்று வருடத்துக்கு முன் முதல்வர் கூப்பிட்டு, "பிள்ளைங்க சின்ன விஷயத்துக்கெல்லாம் உடைஞ்சு போறாங்க மேடம், ஏதாவது செய்யுங்க" என்று ஒரு கோப்பைக் கையில் கொடுத்தார். எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது. கோயம்புத்தூரிலிருந்து ஒரு பேச்சாளரை வரவழைத்தோம். அரங்கில் நானூறு மாணவர்கள், இரண்டு மணி நேரம், நல்ல கைதட்டல், நிறைய படங்கள். அடுத்த வாரம் இன்டர்னல் தாள் கொடுத்தபோது அதே அழுகை, அதே "நான் எதுக்கும் லாயக்கில்லை மிஸ்". கல்லூரியில் எதுவும் மாறவில்லை.

இரண்டாம் வருடம் மாணவர்களை விட்டுவிட்டு ஆசிரியர்களோடு வேலை செய்தோம். அதற்கப்புறம்தான் வண்டி நகர்ந்தது. ஒரு மாணவி விழுந்து எழுவதற்குக் கற்றுக்கொள்வது வருடத்துக்கு ஒருநாள் வரும் விருந்தினரிடம் இல்லை. தினமும் முகம் பார்க்கும் ஆசிரியரிடம்தான். ஆனால் அந்த ஆசிரியருக்கு யாரும் துணை நிற்பதில்லை. இதே கோப்பு உங்கள் கைக்கு வந்திருந்தால், நாங்கள் தடுமாறிய இடங்களில் நீங்கள் தடுமாற வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. எதைச் செய்கிறோம், எதைச் செய்யவில்லை என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள்

எல்லாவற்றுக்கும் முன்னால் இந்த ஒரு பக்கம். மீள்திறன் என்று நாங்கள் எடுத்துக்கொண்டவை ஐந்தே பழக்கங்கள்: மனம் கலங்கும்போது உடம்பை அமைதிப்படுத்துவது, "எல்லாம் போச்சு" என்ற எண்ணத்தை நிறுத்திச் சரிபார்ப்பது, ஒரு சிக்கலைச் சிறு துண்டுகளாக உடைப்பது, கைக்குள் இருப்பதையும் கைமீறியதையும் பிரித்துப் பார்ப்பது, கூச்சப்படாமல் உதவி கேட்பது. இவை எதற்கும் மனநல மருத்துவர் வேண்டியதில்லை. வேதியியல் ஆசிரியரும் தமிழாசிரியரும் கற்றுத் தரலாம்.

அதே பக்கத்தின் கீழ்ப்பாதியில், செய்யாதவை. ஆசிரியர் ஆலோசகர் அல்ல. நோய் எது என்று சொல்ல மாட்டார். மாணவரின் குடும்பக் கதையை வகுப்பில் வெளியே எடுக்க மாட்டார். இந்தப் பாதி இல்லாமல் ஆசிரியர்கள் வரத் தயங்குவார்கள். எங்கள் ஊழியர் கூட்டத்தில் முதலில் எழுந்த கேள்வியே, "ஏதாவது ஆனா எங்க தலையில விழுமா?" என்பதுதான். நியாயமான பயம் அது. எழுத்தில் பதில் கொடுங்கள்.

இன்னொன்று. சுவரொட்டியில் 'மீள்திறன்' என்று போடாதீர்கள். மாணவர்களுக்கு அது ஒட்டவில்லை. 'அடுத்த அடி' என்று பெயர் வைத்தோம், உடனே பிடித்துக்கொண்டார்கள்.

2. பயிற்சிக்கு முன்பே அனுப்பும் பாதையைப் போடுங்கள்

நான் செய்த பெரிய தவறு இங்கேதான். முதல் வருடம் ஆர்வக்கோளாறில் மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9 என்ற ஒன்பது கேள்விப் படிவத்தை அறுபது பேருக்கு வெள்ளிக்கிழமை கொடுத்து வாங்கி வைத்துக்கொண்டேன். அதன் ஒன்பதாவது கேள்வி, செத்துவிட்டால் தேவலை என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றோ எண்ணம் வருகிறதா என்பது. ஞாயிறு இரவு படிவங்களைப் பிரித்தபோது மூன்று பேர் அதில் 'ஆம்' பக்கம் குறித்திருந்தார்கள். இரண்டு நாள் போய்விட்டது. யாரைக் கூப்பிடுவது என்று என்னிடம் ஒரு எண்கூட இல்லை. அந்த இரவு நான் தூங்கவில்லை. மூவரும் திங்களன்று வகுப்புக்கு வந்தார்கள், பேசினோம், உதவி கிடைத்தது. ஆனால் அப்படி ஒரு இரவு உங்களுக்கு வரக் கூடாது. அன்றைக்கே படித்து அன்றைக்கே கூப்பிட ஆள் இல்லையென்றால் எந்தப் படிவமும் கொடுக்காதீர்கள். இந்தத் திட்டத்துக்கு அந்தப் படிவம் தேவையே இல்லை.

அனுப்பும் பாதை என்றால், உதவி தேவைப்படும் மாணவரை யாரிடம் அனுப்புவது என்ற வரிசை. அதில் இருக்க வேண்டியவை:

முதலில் கல்லூரி ஆலோசகர். 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த வழிகாட்டுதலின்படி, நூறு அல்லது அதற்கு மேல் மாணவர் உள்ள கல்வி நிறுவனத்தில் தகுதிபெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவராவது இருக்க வேண்டும். அதற்குக் குறைவாக இருந்தால் வெளியே உள்ள மனநல வல்லுநரோடு முறையான இணைப்பு வேண்டும். ஆசிரியர்களுக்கும் அலுவலக ஊழியர்களுக்கும் வருடத்துக்கு இரண்டு முறையாவது பயிற்சி கட்டாயம் என்றும் அதே வழிகாட்டுதல் சொல்கிறது. நிர்வாகம் தயங்கினால் மரியாதையாக இந்தத் தாளை முன்னால் வையுங்கள்.

அடுத்து மாவட்ட மனநலத் திட்டம். அரசு மருத்துவமனை வழியாக நடப்பது. கல்லூரி மாணவர்களுக்கான ஆலோசனை இந்தத் திட்டத்தின் பணிகளில் ஒன்று, அதனால் கேட்கத் தயங்காதீர்கள். அவர்களது குழு வட்ட மருத்துவமனைகளுக்கும் குறிப்பிட்ட நாட்களில் போகும். கூடலூர், பந்தலூர்ப் பிள்ளையை ஊட்டிக்கு வரச் சொன்னால் ஒரு நாள் கூலியும் ஒரு நாள் வருகையும் போய்விடும். உங்கள் வட்டத்துக்குக் குழு வரும் கிழமையைக் கேட்டுத் தாளில் எழுதுங்கள்.

அப்புறம் 14416. டெலி மானஸ் என்ற அரசின் மனநலத் தொலைபேசி உதவி, 24 மணி நேரமும் கட்டணமில்லாதது, தமிழில் பேசலாம். விடுதி, வகுப்பறை, கேன்டீன் எல்லா இடத்திலும் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். கழிப்பறைக் கதவின் உட்புறம் ஒட்டியதைத்தான் பிள்ளைகள் அதிகம் குறித்துக்கொண்டார்கள். அங்கே யாரும் பார்க்க மாட்டார்கள் அல்லவா.

சட்டம் பற்றி ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டியது இரண்டு. முதலாம் ஆண்டில் பலருக்குப் பதினேழு வயதுதான். பதினெட்டு நிறையாத ஒருவர் தனக்கு நேர்ந்த பாலியல் குற்றத்தைச் சொன்னால், போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். அதனால் "யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று எந்த மாணவருக்கும் முன்கூட்டியே வாக்குக் கொடுக்கக் கூடாது. "உன் பாதுகாப்புக்குத் தேவைன்னா மட்டும், தேவையானவங்ககிட்ட மட்டும் சொல்வேன்" என்பதுதான் சரியான வாக்கு. இரண்டாவது, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் கருதுகிறது, தண்டனைக்கு உரியவராகப் பார்ப்பதில்லை. "போலீஸ் கேஸ் ஆயிடும்" என்று பயந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோகத் தாமதிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

3. ஆறு பேரோடு தொடங்குங்கள்

எல்லா ஆசிரியரும் கட்டாயம் என்று சுற்றறிக்கை விட்டால் எல்லாரும் வருவார்கள், யாரும் செய்ய மாட்டார்கள். உச்ச நீதிமன்றம் சொன்ன பொதுப் பயிற்சி எல்லாருக்கும் நடக்கட்டும், அது தனி. வகுப்பில் கற்றுத்தரப் போகிறவர்கள் தாமாக வந்த ஆறேழு பேராக இருந்தால் போதும்.

அதில் கௌரவ விரிவுரையாளர்கள் அவசியம் இருக்கட்டும். வயதில் நெருங்கியவர்கள், பெரும்பாலும் இதே மலையில் படித்து வந்தவர்கள். பிள்ளைகள் முதலில் வாய்திறப்பது அவர்களிடம்தான். ஆனால் அவர்கள் தலையில் இன்னொரு சுமையைச் சும்மா ஏற்றுவது அநியாயம். நாங்கள் துறைத்தலைவர்களிடம் பேசி, இதில் சேர்ந்தவர்களுக்குத் தேர்வு மேற்பார்வைப் பணியில் இரண்டு முறை விலக்கு வாங்கிக் கொடுத்தோம். பணம் தர முடியாத இடத்தில் நேரத்தையாவது கொடுங்கள்.

உடற்கல்வி ஆசிரியர், நூலகர், விடுதிக் காப்பாளர் மூவரையும் மறக்க வேண்டாம். வகுப்புக்கு வராத பிள்ளை எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

4. ஆவணங்கள்

இதைச் சோம்பலாக விட்டுவிடாதீர்கள். பாதித் திட்டங்கள் நின்றுபோவது ஒரு தாள் இல்லாமல்தான்.

முதல்வருக்கு ஒரு பக்க முன்மொழிவு. அதில் பல்கலைக்கழக மானியக் குழுவின் ஜீவன் கௌஷல் வாழ்க்கைத்திறன் பாடத்திட்டத்தையும், முதலாம் ஆண்டு அறிமுக நிகழ்ச்சியான தீக்ஷாரம்பையும் குறிப்பிடுங்கள். புதிதாக எதையோ கொண்டுவருகிறீர்கள் என்ற எண்ணம் போய்விடும்.

ஐக்யூஏசி (கல்லூரியின் உள்தர உறுதிக் குழு) கூட்டத் தீர்மானத்தின் நகல். கல்லூரிகளைத் தரமதிப்பிடும் நாக் அமைப்பின் மதிப்பீட்டுக்கு இது உதவும்.

துறைவாரியான கால அட்டவணைக் குறிப்பு: எந்த வகுப்பில், எந்த மணி நேரத்தில், யார். கையெழுத்தோடு.

மாவட்ட மனநலத் திட்டத்துக்கு முதல்வர் கையெழுத்திட்ட கடிதம். வாய்மொழியாக ஒப்புக்கொண்டாலும் கடிதம் கொடுங்கள். நாங்கள் நேரில் போய்க் கொடுத்து, பெற்றதற்கு நகலில் முத்திரை வாங்கிக்கொண்டோம். பதில் வர மூன்று வாரம் ஆனது.

அனுப்பும் பதிவேடு. இதில்தான் கவனம். தேதி, அனுப்பிய ஆசிரியர், எங்கே அனுப்பினோம், மறுபடி விசாரித்த தேதி, இவ்வளவுதான். மாணவர் பெயருக்குப் பதில் ஒரு குறியீட்டு எண். காரணம் எழுதக் கூடாது. பூட்டும் அலமாரியில், ஒரே ஒருவர் பொறுப்பில். பக்கத்து மேசையில் திறந்து கிடந்த ஒரு பதிவேட்டால் ஒரு பெண்ணின் விஷயம் விடுதி முழுவதும் பரவியதை நான் பார்த்திருக்கிறேன். அவள் அந்தப் பருவம் முடியும் முன்பே போய்விட்டாள்.

5. பயிற்சி: இரண்டு அரை நாள்

ஒரு முழு நாள் வேண்டாம், இரண்டு அரை நாளாக ஒரு வார இடைவெளியில் வையுங்கள். இடையில் முயன்று பார்த்துவிட்டு வருவார்கள்.

முதல் அரை நாள் ஆசிரியர்களுக்காகவே. ஆம், அவர்களுடைய களைப்பைப் பற்றி. தானே மூச்சுவிட நேரமில்லாத ஒருவர் மாணவருக்கு நிதானம் கற்றுத்தர முடியாது. மூச்சுப் பயிற்சியை அவர்களே செய்யட்டும்: நான்கு எண்ணி உள்ளே, ஆறு எண்ணி வெளியே, இரண்டு நிமிடம். கண்ணை மூடச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள், சிலருக்கு அது பதற்றத்தைக் கூட்டும். திறந்த கண்ணோடு சன்னலுக்கு வெளியே தேயிலைச் சரிவைப் பார்த்துக்கொண்டே செய்யலாம்.

இரண்டாம் அரை நாள் மாவட்டக் குழுவிலிருந்து வருபவர் நடத்த வேண்டியது: உளவியல் முதலுதவி. பார், கேள், இணை என்ற மூன்றே சொல். இதைப் பேச்சாகக் கேட்காமல் இரண்டிரண்டு பேராக நடித்துப் பார்க்க வேண்டும். எங்கள் ஆசிரியர்களுக்கு மிகவும் கடினமாக இருந்தது 'கேள்' என்பதுதான். மாணவர் வாயைத் திறந்த பத்தாவது நொடியில் அறிவுரை வந்துவிடும், நமக்கு அப்படியே பழக்கம். "அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா", "எங்க காலத்துல…" இந்த இரண்டையும் கரும்பலகையில் எழுதிக் குறுக்கே கோடு போட்டோம். பதிலுக்கு என்ன சொல்வது என்று கேட்டார்கள். "ம், சொல்லும்மா" போதும்.

தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஆவதில்லை. நிதானமாக, நேராகக் கேட்கலாம். ஆம் என்றால் தனியே விடக் கூடாது, கூடவே இருந்து அனுப்பும் பாதையைத் தொடங்க வேண்டும். இதை ஒவ்வொருவரும் வாய்விட்டு ஒருமுறை கேட்டுப் பழகட்டும். அறையில் யாருக்கும் எளிதாக இருக்காது. அதற்காகத்தான் பயிற்சி.

6. வகுப்பில் பத்து நிமிடம்

தனிப் பாடவேளை கேட்காதீர்கள், கிடைக்காது. கிடைத்தாலும் பாடத்திட்டம் பின்தங்கும்போது முதலில் அதைத்தான் எடுத்துக்கொள்வார்கள். இருக்கிற வகுப்பில், இருக்கிற சந்தர்ப்பத்தில் பத்து நிமிடம் போதும். ஒரு பருவத்தில் ஐந்து முறை. அதற்குச் சிறந்த சந்தர்ப்பம் முதல் இன்டர்னல் தாளைத் திருப்பிக் கொடுக்கும் நாள்.

எங்கள் இயற்பியல் ஆசிரியை செய்ததை அப்படியே சொல்கிறேன். தாள்களை மதிப்பெண் வரிசையில் படிக்காமல், கவிழ்த்து வைத்து அவரவர் மேசையில் கொடுத்தார். இரண்டு நிமிடம் யாரும் பேச வேண்டாம் என்றார். பிறகு ஆளுக்கு அரைத்தாள். அதில் நான்கு வரி: என்ன நடந்தது, இதில் என் கையில் இருப்பது எது, இந்த வாரம் செய்யப்போகும் ஒன்று, யாரிடம் கேட்பேன். பெயர் எழுதுவது அவரவர் விருப்பம்.

ஒரு மாணவி இரண்டாவது வரியில் எதுவும் எழுதாமல் விட்டிருந்தாள். முதல் வரியில் 'பஸ்' என்று ஒரே சொல். வகுப்பு முடிந்ததும் ஆசிரியை வாசலில் நின்று கேட்டார். "லேப் நாலே காலுக்கு முடியுது மிஸ். எங்க எஸ்டேட் பக்கம் போற பஸ் நாலு மணிக்கு. அதை விட்டா ஏழு மணிக்குத்தான். அந்நேரத்துக்கு இறங்கினா ரோட்டுல ஆனை நிக்கும்." அதனால் வாரம் ஒருநாள் லேபிலிருந்து பாதியில் போயிருக்கிறாள். ரெக்கார்டு நோட்டு பாதி காலி. அதைப் பொறுப்பின்மை என்று நாங்கள் எழுதி வைத்திருந்தோம்.

அந்தப் பெண்ணுக்கு மீள்திறன் குறைவில்லை. விடியற்காலையில் எழுந்து மூடுபனியில் இரண்டு கிலோமீட்டர் நடந்து பஸ் பிடிக்கிறவள். வேண்டியிருந்தது லேப் பிரிவு மாற்றம். மாற்றினோம், காலைப் பிரிவு, ஒரு கையெழுத்தில் முடிந்தது. இதைச் சற்று அழுத்தியே சொல்கிறேன்: சரிசெய்யக்கூடிய ஒரு குறையைத் தாங்கிக்கொள்ளப் பிள்ளைக்குப் பயிற்சி கொடுக்காதீர்கள். நான்கு வரித் தாள்களைப் படிக்கும்போது இரண்டு குவியலாகப் பிரியுங்கள்: மாணவர் மாற்றக்கூடியவை, கல்லூரி மாற்ற வேண்டியவை. இரண்டாவது குவியலை மாதம் ஒருமுறை முதல்வரிடம் கொண்டுபோங்கள். பஸ் நேரம், விடுதியில் வெந்நீர், கட்டணத் தவணை, மழை நாளில் வருகைக் குறைவு. எங்கள் குவியலில் பாதிக்கு மேல் இப்படித்தான் இருந்தது.

மற்ற நான்கு பத்து நிமிடங்கள்: மாடல் எக்ஸாமுக்கு முந்தைய வாரம் மூச்சுப் பயிற்சி, அரியர் விழுந்தவர்களோடு பெரிய பாடத்தைச் சிறு துண்டாக்கும் பயிற்சி, "எல்லாம் போச்சு" எண்ணத்தை எழுதி, அதற்குச் சான்று என்ன, எதிர்ச்சான்று என்ன என்று பார்ப்பது, உதவி கேட்டு ஒரு ஆசிரியருக்கு மூன்று வரிச் செய்தி எழுதிப் பழகுவது. கடைசியதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். வீட்டில் முதல்முறையாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளைக்கு, "சார், எனக்கு இது புரியல, எப்ப வரலாம்?" என்று எழுதுவதே மலை ஏறுவது மாதிரி. பழங்குடிக் கிராமங்களிலிருந்து வருபவர்களுக்கு இன்னும் கூடுதல் தயக்கம் இருக்கும். வகுப்பில் எழுப்பி நிறுத்திச் சொல்லச் சொல்லாமல், எழுத்தில் விடுங்கள்.

7. ஆசிரியர்களைத் தனியே விடாதீர்கள்

பயிற்சி கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று நினைத்தால் ஒரு மாதத்தில் எல்லாம் ஓய்ந்துவிடும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை, நாற்பது நிமிடம், மதிய உணவு நேரத்தில் ஆறு பேரும் உட்காருங்கள். என்ன செய்தோம், எது சரியாக வரவில்லை, யாரைப் பற்றிக் கவலையாக இருக்கிறது (பெயர் வேண்டாம்). நிர்வாகத்தில் இருப்பவர் யாரும் அந்த வட்டத்தில் இருக்க வேண்டாம். ஒரு மாணவரின் துயரத்தைக் கேட்ட ஆசிரியர் அதை வீட்டுக்குச் சுமந்துகொண்டு போகிறார், அதை இறக்கிவைக்க ஒரு இடம் வேண்டும். 14416 ஆசிரியருக்கும் உண்டு என்பதைச் சொல்லுங்கள்.

8. செலவு

பேச்சாளரை வரவழைத்த முதல் வருடம் கார், தங்கல், மதிப்பூதியம், மேடை எல்லாம் சேர்த்துப் பதினெட்டாயிரம் ரூபாய் போனது. இரண்டாம் வருடம் முழுப் பருவத்துக்கும் ஆறாயிரத்துக்குள் முடிந்தது: டீ, வர்க்கி, இரண்டு நாள் மதியச் சாப்பாடு, ஜெராக்ஸ், சுவரொட்டி, மாவட்டக் குழுவை அழைத்துவர வண்டி. அவர்கள் கட்டணம் வாங்கவில்லை. வண்டிச் செலவுக்கு முன் அனுமதி வாங்கி வையுங்கள். பின்னால் ரசீது கொடுத்துக் கேட்டால் தணிக்கையில் நிற்கும்.

9. காலம்

மலையில் நாள்காட்டிதான் முதல் எதிரி. ஏப்ரல், மே சீசனில் அனுமதி வேலைகளை முடியுங்கள். அப்போது மாணவர்கள் பலர் லாட்ஜிலும் கடையிலும் வேலைக்குப் போயிருப்பார்கள், அவர்களை எதிர்பார்க்காதீர்கள். ஜூனில் ஆசிரியர் பயிற்சி. கூடலூர், பந்தலூர்ப் பக்கம் ஜூலை, ஆகஸ்ட் மழையில் காலையில்தான் விடுமுறை அறிவிப்பு வரும், ஊட்டி, குன்னூர்ப் பக்கம் அக்டோபர், நவம்பரில் மண்சரிவு. அதனால் ஐந்து அமர்வுக்கு எட்டு வாரம் ஒதுக்குங்கள். டிசம்பர் கடைசி, ஜனவரி தொடக்கத்தில் படுகர் மக்களின் ஹெத்தையம்மன் பண்டிகை, உறைபனி இரண்டும் சேர்ந்து வரும். அந்த வாரத்தில் எதையும் வைக்க வேண்டாம். எதையும் மாலை மூன்றரைக்கு மேல் வைக்காதீர்கள். காரணம் மேலே சொன்ன பஸ்தான்.

10. அடுத்தவருக்குக் கோப்பு

பொறுப்பாளருக்கு மாறுதல் வந்தால் திட்டமும் கூடவே போய்விடும், இது எல்லாக் கல்லூரியிலும் நடப்பது. முதல் நாளிலிருந்தே இரண்டு பேராகச் செய்யுங்கள். கோப்பின் மேல் பக்கத்தில் அனுப்பும் பாதையின் எண்கள் இருக்கட்டும். ஒவ்வொரு ஜூன் முதல் வாரமும் அந்த எண்கள் ஒவ்வொன்றுக்கும் நீங்களே ஒருமுறை அழைத்துப் பாருங்கள். போன ஜூனில் நாங்கள் அழைத்தபோது, எங்கள் தாளில் இருந்த ஐந்தில் இரண்டு எண் மாறிப்போயிருந்தது.